இடம் போதவில்லை

மூன்று நாற்பதுக்குச் சேவல் கூவுகிறது.
சேவல் இலவசம்.
இரண்டு கூவலுக்குப் பிறகு
ஒரு மெத்தை விளம்பரம்.
தூங்குகிறவளை எழுப்பி
மெத்தை விற்கிறவனின் துணிச்சலை
எல் ஆல்தோவின் குளிரில் உட்கார்ந்து
ஒரு நிமிடம் வியக்கிறேன்.
பிறகு அடுப்பு.

ஊதாச் சோளத்தைப் பட்டை போட்டுக் காய்ச்சி
இரண்டு பானைகளில் நிரப்பிக்கொண்டு
கேபிள் காரில் இறங்கினால் லா பாஸ்.
யாரோ மலைமேலிருந்து கொட்டிவிட்டு
அள்ள மறந்துபோன நகரம்.
தட்டையான தெரு ஒன்றுகூட இல்லை.
ஆறு வருடம் கண்ணளவில்
மேசைக் காலுக்குக் கல் வைத்தேன்.
ஆறு வருடமும் கோப்பைகள்
மெல்லக் கிழக்கே நகர்ந்தன.
இப்போது கைபேசியை மேசைமேல் படுக்கவைத்தால்
பச்சைக் குமிழி ஒன்று நீந்தி வருகிறது.
நடுவில் நிற்காவிட்டால்
தப்பு என்மேல்.
இரண்டு கல், ஒரு பீர் மூடி.
நின்றது.

எந்தத் தெருவில் மறியல் என்று சொல்ல ஒன்று.
மழை நாற்பது விழுக்காடு என்று சொல்ல ஒன்று;
மீதி அறுபதில்தான் நான் நனைகிறேன்.
லிம்பெரின் பிறப்புச் சான்றிதழைப்
படம்பிடித்துக் கொடுத்தது ஒன்று.
அடியில் தன் பெயரையும் அச்சடித்துக்கொண்டது,
பெற்றவளுக்கு ஒரு வரி கீழே.
அலுவலர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
சரி. ஆனால் இந்த மாடு
என் பல்லைப் பிடித்துப் பார்க்கிறதே.
வெளிச்சம் காட்ட வந்த டார்ச்சுக்கு
என் நாத்தனாரின் எண் எதற்கு?
நான் நிற்கும் இடம் எதற்கு?
அனுமதி, அனுமதி, அனுமதி என்று அழுத்தினேன்,
இருட்டில் படி தெரிய வேண்டுமே.
மறுநாள் பல் மருத்துவமனை விளம்பரம் வந்தது.

பிறகு அந்தக் காலடி எண்ணி.
காலை ஒன்பதுக்கே கொண்டாடும்,
பலூன் பறக்கவிடும்:
'வாழ்த்துகள் பசிலியா!
இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!'
அப்போது ஒரு பானை இன்னும் விற்கவில்லை.
மதியம் துடைக்க வேண்டிய அலுவலகம்
நான்கு மாடி உயரத்தில் காத்திருக்கிறது.
இருந்தாலும் பலூனை
அணையும்வரை பார்ப்பேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து செய்தி:
இனி வீட்டுப்பாடம் செயலியில் மட்டும்.
இலவசம்தான்.
இறக்கினேன். பாதியில் நின்றது.
'இடம் போதவில்லை. எதையாவது நீக்குங்கள்.'

மினிபஸ்ஸில் ஊர்ப்பெயர் கூவும் தெல்ஃபின்
கோப்பையை வைக்காமலே யோசனை சொன்னான்:
"சேவலைத் தூக்கு."
சேவலைத் தூக்கினால் உனக்கு யார் காய்ச்சுவது?
"மழையைத் தூக்கு."
அவன் தலைக்குமேல் அப்போது தகரக் கூரை இருந்தது.
லிம்பெர் விரலை அழுத்திப் பிடித்தான்.
எல்லாச் சின்னங்களும்
சந்தையில் கால் கட்டிய கோழிகள்போல
நடுங்கத் தொடங்கின.
குமிழியின்மேல் அவன் விரல் போனபோது
என் கரண்டி தானாக உயர்ந்தது.

காலடியைக் காட்டினேன்.
'நிச்சயமாக நீக்கவா?' என்றது.
இத்தனை நாள் வாழ்த்தியதற்கு
ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன்.
அதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

இன்று படிகளை எண்ண யாருமில்லை.
முழங்கால் எண்ணுகிறது, அது வாழ்த்துவதில்லை.

மேசை ஓரத்தில் லிம்பெர் பின்னக் கணக்கு போடுகிறான்.
பென்சிலைக் கீழே வைக்கிறான்,
உருளவில்லை.
மூன்றில் இரண்டுக்கும் நான்கில் மூன்றுக்கும் நடுவே
திரையை ஏதோ மறைக்கிறது. முப்பது நொடி.
கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கிறான்.

"அம்மா, நாம் மெத்தை வாங்கலாமா?"

மூன்று நாற்பதுக்குக் கேள், சொல்கிறேன்.