டோக்கன்

மண்டபம் வடகடல் ஜெட்டிக்கு எதிரே
தகரக் கூரை, கம்பி வைத்த ஜன்னல், உள்ளே நான்.
திங்கள், புதன், சனி
விடியுமுன் திறப்பேன்.
படகு எண், டிரைவர் பெயர், ஆள் எத்தனை,
ஒரு முத்திரை.
கிழித்துக் கொடுத்தால் போகலாம்.
எட்டு வருஷமாகக் கிழிக்கிறேன்.

ஒருநாள் மழையில் யாரும் வராதபோது
செல்போனில் தேடிப் பார்த்தேன்.
பழைய ஆங்கிலத்தில் அது அடையாளம்.
சகுனம். வேதத்தில் வந்தால் அற்புதம்கூட.
‘காட்டு’ என்று பொருள்படும் வேராம்.
கற்பி என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லும்
அதே வயிற்றுப் பிள்ளையாம்.

அது வந்து நிற்கிற இடத்தைப் பாருங்கள்.
ரேஷன் கடையில் பருப்புக்கு டோக்கன்,
பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டருக்கு டோக்கன்,
உச்சிப்புளியில் மனை பிடித்துப்போனால்
பத்தாயிரம் டோக்கன் அட்வான்ஸ்.
சங்கத்தார் ஒரே ஒருநாள் படகைக் கட்டிப்போட்டால்
பேப்பரில் ‘அடையாள வேலைநிறுத்தம்’.
முழுசு இல்லை,
முழுசின் ஓரத்தில் கிள்ளியது.
அற்புதத்துக்கும் அந்தப் பெயர்,
கொசுறுக்கும் அந்தப் பெயர்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
அதுவும் டோக்கன்தான், யாரும் கிழித்து வாங்க முடியாதது.
‘மறு அறிவிப்பு வரை டோக்கன் கிடையாது’
எழுதி ஒட்டினேன். வாடையில் பசை ஒட்டவில்லை,
நாலு மூலையிலும் ஆணி அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை எமல்டா வந்தாள்.
“டோக்கன் போடுங்க சார்.”
“படகு எங்கே?”
“கடல்ல.”
“எப்போ போச்சு?”
“ஞாயித்துக்கிழமை ராத்திரி. வட்டிக்காரன் வந்துட்டுப் போன பொறவு.”

அஞ்சு பேர் பெயரையும்
பிள்ளையின் கணக்கு நோட்டில் எழுதி வந்திருந்தாள்,
பெருக்கல் வாய்ப்பாட்டுக்குக் கீழே.
இன்னாசி. ரீகன். சந்தியாகு. மற்ற இருவர்
தொண்டிப் பக்கத்து ஆட்கள், பாதிப் பெயர்தான் தெரியும்.

போன படகுக்கு டோக்கன் போட முடியாதும்மா என்றேன்.
விதி எனக்கு மனப்பாடம். சொன்னேன்.
கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:
“நீங்க போட்டாத்தானே சார் போனதா ஆகும்.
போனதா ஆனாத்தானே தேடுவாங்க.”

நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.
போனை எடுத்தேன்.
கடலோரக் காவல்படை. ரொம்ப நேரம் அடித்தது.
படகு ஒன்று, ஆள் ஐந்து என்றேன்.
எதிர்முனையில் முதல் கேள்வி:
“டோக்கன் நம்பர்?”

வெளியே அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
கம்பிக்குள் கையை நீட்டி விரித்தாள்.
பேனாவால் எழுதிய படகு எண்,
வேர்வையில் கடைசி இலக்கம்
ஒன்றா ஏழா தெரியவில்லை.
ஆனாலும் காட்டினாள்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
அவள் கையிலிருந்து
வாசிக்க ஆரம்பித்தேன்.