சுவரிலிருந்து ஒரு சாண்

குளிரைச் செய்கிற பெட்டி அல்ல இது.
இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன்,
தளி ரோட்டு டீக்கடையிலும்
கெலமங்கலத்து மாடி வீடுகளிலும்:
உள்ளே கிடக்கும் சூட்டை வாரி
முதுகு வழியாக வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான்.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.
தலையாட்டுவார்கள்.
அடுத்த முறை போனால்
பின்னால் காலிச் சாக்கு, போன வருடக் காலண்டர்,
ஒருமுறை அந்தேவனப்பள்ளியில்
கண் திறக்காத நான்கு பூனைக்குட்டிகள்.
பதினைந்து நாள் கழித்து வருகிறேன் என்று
பையை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

யோசனை அந்தத் தாய்ப்பூனையுடையது.
என்னுடையதல்ல.

தேன்கனிக்கோட்டையில் மார்கழி.
குழாய்த் தண்ணீர் பல்லைப் பிடுங்குகிறது.
பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் லைன் வீடு.
எதிர்ச்சுவர் கைக்கெட்டும் தூரத்தில்.
வெயில் பதினொன்றேகாலுக்கு வந்து
சன்னல் கம்பியோடு நின்று போய்விடும்,
வாடகை கேட்க வரும் திம்மராயப்பாவைப் போல,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.

நாகவேணிக்கு ஐந்தாம் மாதம்.
ரத்தம் எட்டு புள்ளி நான்கு.
கீரை, முளைகட்டின பயறு, கேழ்வரகு என்று
அட்டையின் ஓரத்தில் எழுதித் தந்தார் நர்ஸம்மா.
தொட்டியில் போட்ட கீரை
வெளிச்சம் தேடி நூலாய் இழுத்துச் செத்தது.
ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்ட கொள்ளு
ஒரு நாள், இரண்டு நாள்,
மூன்றாம் நாள் நாறியது.

எங்கள் ஃப்ரிட்ஜ் மூன்று ஊர்க்காரன்:
கதவு பாகலூர், கம்ப்ரஸர் ராயக்கோட்டை,
உடம்பு யாரோ எடைக்குப் போட்டது.
அதன் பின்னால், மோட்டாருக்கு மேலே
ஒரு பலகையை முடுக்கி
இட்லித் தட்டில் கேழ்வரகைப் பரப்பினேன்.
காற்றுக்கு வழி விட்டுத்தான்.
தொழில் தொழிலாச்சே.

காலையில் ஒவ்வொரு மணியிலும்
ஊசிமுனை அளவு வெள்ளை.

அப்புறம் கொள்ளு வால் விட்டது.
நான்காம் நாள் வெந்தயம்
மூடியிருந்த துணியைத் தலையால் தூக்கியது.
பச்சை ஏற மட்டும் சன்னலுக்கு மாற்றினோம்,
அந்தப் பதினொன்றேகால் வெயிலுக்கு.

நேற்றைய அவரைக்காய்க் குழம்பில் எடுத்த சூடு,
பாலில், அரை எலுமிச்சம்பழத்தில்,
அவள் தங்கை கொண்டுவந்த தக்காளியில் எடுத்த சூடு.
இத்தனை வருடம் அதை ஊட்டி
சுவரைத்தானே வளர்த்திருக்கிறேன்.

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு விழித்தேன்.
மோட்டார் ஓடினால் தூங்கிவிடுவேன்,
நின்றால்தான் எனக்கு விழிப்பு.
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நாகவேணி.
ஒரு கை வயிற்றில், ஒரு கை திறந்த கதவில்.
உள்ளே, ஆவி பறக்க
ஒரு சொம்பு வெந்நீர்.
"மோட்டார் நின்னுடுச்சு.
வெந்தயத்துக்குக் குளிருமில்ல?"

கதவைத் திறந்து வைக்காதீர்கள்,
சூடானதை உள்ளே வைக்காதீர்கள்.
எத்தனை வீட்டில் கத்தியிருக்கிறேன்.
யூனிட் கணக்கு
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.
ராயக்கோட்டைக்காரன் ஒரு உலுக்கு உலுக்கி
ஓடத் தொடங்கினான்.
இருவரும் கேட்டபடி நின்றோம்.

தையில் ஒன்பது புள்ளி மூன்று.
"மாத்திரையை ஒழுங்காப் போட்டீங்க போல."
போட்டாள்தான். இல்லையென்று சொல்ல முடியாது.
வெந்தயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

நேற்று ஜவளகிரியிலிருந்து போன்.
ஃப்ரிட்ஜ் பின்பக்கம் சுடுகிறதாம், ரிப்பேரா என்கிறார்.
கை வைக்க முடிகிறதா என்றேன்.
வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு என்றார்.
சாயந்திரம் வருகிறேன், காசு வேண்டாம் என்று
போனை வைத்துவிட்டு
ஸ்பானருக்குப் பக்கத்தில்
ஒரு பிடி கேழ்வரகை முடிந்து போட்டுக்கொண்டேன்.