கூனிப்பாறை மழை

ஒன்பது வருஷமாக
அம்பாசமுத்திரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து
இந்த மலையின் மழையை எழுதுகிறவள் நான்.
காலை எட்டரைக்குப் போன் வரும்.
"மேடம், முப்பத்திரண்டு."
"புள்ளி?"
"புள்ளி நாலு."
எழுதிவிட்டு டீ குடிக்கப் போவேன்.

உச்சியில் மழைமானி பழுதாம், ஆய்வுக்கு ஆள் வேண்டுமாம்.
அன்று என் கை உயர்ந்தது அதற்காகவா
மின்விசிறியை நிறுத்தவா என்பது
எனக்கே இன்னும் தெரியாது.

காரையாறு தாண்டி
ஜீப் நின்ற இடத்தில் ரோடும் நின்றுவிட்டது.
காத்திருந்தார் ஈச்சன் காணி.
காக்கிச் சட்டை, வெட்டுக்கத்தி,
நுனியில் உப்பு முடிந்த கம்புகள் மூன்று.
என்னோடு வந்தவர் மைதீன் பிச்சை, மேலப்பாளையம்,
பையில் அளவுக்குழாய், இரண்டு பாக்கெட் பன்,
சர்க்கரை மாத்திரை.

முதலில் ஈத்தங்காடு.
இரண்டு பக்கமும் உரச உரச
சாக்குக்குள் நடக்கிற மாதிரி.
யானை விட்ட வழிதான் வழி.
"எப்ப போச்சு?" என்றேன்.
ஈச்சன் குனிந்து பிண்டத்தின்மேல் புறங்கை வைத்தார்.
"சோறு வடிச்ச சூடு."
அதன்பின் ஒரு மணி நேரம்
மைதீன் பிச்சை மூச்சு மட்டும் விட்டார்.

அட்டைகள்.
உப்பைத் தொட்டதும் சுருண்டு விழும்;
விழுந்த இடத்தில் ரத்தம் மட்டும்
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.
செருப்புக்குள் வழுக்கிற்று, ஆனி மாதச் சாரலா நானா
என்று பார்க்கவில்லை.

சோலைக்குள் பகல் பச்சையாகக் கீழிறங்கியது.
நாங்கு மரம் முழுக்கச் சிவந்த தளிர்.
தடமெல்லாம் வெடிப்பலாவின் முள் ஓடு.
அண்ணாந்தால், பிடரிமயிர் வைத்த சோலைமந்தி ஒன்று
பந்திக்குப் பிந்தி வந்தவர்களைப் பார்ப்பதுபோல்
எங்களைப் பார்த்தது.
தலைக்குமேல் யாரோ பத்தமடைப் பாயை உதறினார்கள்.
"இருவாச்சி," என்றார் ஈச்சன்,
நான் நிமிர்வதற்குள் போயிருந்தது.

கடைசியில் மரமே இல்லை.
புல், காற்று, ஈரப் பாறை.
கூனிப்பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.
அதன் கழுத்தில், முழங்கால் உயரத்தில்,
ஒன்பது வருஷமாக நான் எழுதிய தகரம்.

புனலில் சருகு அடைத்திருந்தது.
சருகின்மேல் ஒரு தவளை,
என் சுண்டுவிரல் நகம் அளவு.
அடிக்குழாய் காய்ந்து கிடந்தது.

நேற்றும் போன் வந்ததே.
அப்போதுதான் குரல் பிடிபட்டது.
"நீங்கதானா அது? தினமும் ஏறுவீங்களா?"
"ஏறுவேன். ஆனை நின்னா ஏற மாட்டேன்."
"அன்னைக்கு?"
"கூரைத் தகரத்துல கேட்டுச் சொல்லுவேன்."
"புள்ளி?"
ஈச்சன் தவளையைப் பார்த்தபடி சொன்னார்:
"நீங்க கேப்பீங்களே, மேடம்."

மைதீன் பிச்சை சிரித்த சிரிப்பில்
மேகம் கொஞ்சம் விலகியது என்று சொன்னால் பொய்.
அது தானாகத்தான் விலகியது.
அடியில் அணை, கழுவிக் கவிழ்க்காத தாம்பாளம்.
அதற்கப்பால் ஆறு, குளம், வயல், குளம்,
கிழக்கே கடைக்கோடியில் ஒரு வெள்ளைக் கோடு.
"ஆறுமுகநேரி உப்பளம், என் மாமனார் ஊர்ப் பக்கம்."
"கடல்," என்றேன் நான்.
ஈச்சன், "மேகம்."
தீர்ப்பு வருமுன் மூடிக்கொண்டது.
அப்புறம் எங்கள் கால்களே எங்களுக்குத் தெரியவில்லை.

சருகை எடுத்தோம்.
தவளை தானே குதித்து
புல்லுக்குள் எங்கோ போனது.
பன் நனைந்து கூழாகியிருந்தது, தின்றோம்.

ஆய்வறிக்கையில் எழுதினேன்:
அடைப்பு நீக்கப்பட்டது. கருவி நலம்.

மறுநாள் எட்டரை.
"மேடம், நாப்பத்தொண்ணு."
கூரையா பாறையா என்று நான் கேட்கவில்லை.
புள்ளியும் கேட்கவில்லை.
போனுக்குள் மழை இரைந்துகொண்டிருந்தது.
காதை அழுத்தி வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு
நானே எழுதினேன்:
புள்ளி ஆறு.