ஒன்பது என்றால் கடைசி

மவுஸ் செத்துப்போச்சு என்றேன்.
பூமயில் குனிந்து மேசைக்கடியில் தேடினாள்.

தேவிபட்டினத்தில் இரும்பென்று எதைக் கொண்டுவந்தாலும்
உப்பு கொஞ்ச காலம் தவணை கொடுக்கும்,
அப்புறம் தன் பேருக்கு எழுதிக்கொள்ளும்.
இது பதினோரு மாதம் ஓடியது.
முதலாளி ஜபருல்லா ராமநாதபுரம் போயிருக்கிறார்,
புதுசு வாங்கிக்கொண்டு மூணரை பஸ்ஸில் வருவார்.
தடைக்கால நிவாரணத்துக்கு இன்றுதான் கடைசித் தேதி.

சரி, விரல் பத்து இருக்கிறது.
இடது சுண்டுவிரலைக் கண்ட்ரோலில் ஊன்றிவிட்டால்
நங்கூரம் போட்ட மாதிரி.
மற்றவை கயிற்றின் நீளத்துக்குச் சுற்றி வரலாம்.

கண்ட்ரோல் ஒன்று: காற்று.
நாட்டுப்படகும் இன்று இறங்க வேண்டாம் என்கிறது.
கண்ட்ரோல் இரண்டு: பூமயில் புருஷன் சேதுமாணிக்கத்தின் படிவம்.
மூன்று: சித்தார்கோட்டை ரஹ்மத்துன்னிசா மகனுடைய விசா,
பத்தொன்பது நாளாக ‘பரிசீலனையில்’.
நான்கில் எவனோ பிளஸ் டூ மார்க் பார்த்துவிட்டு
காசு தராமல் ஓடியது.
மூடாமல் வைத்திருக்கிறேன், பிரிண்டுக்கு வருவான்.

வெளியே கடலுக்குள் ஒன்பது கல்.
சுற்றிவிட்டு ஈர வேட்டியோடு ரயில் டிக்கெட் கேட்டு வருகிறார்கள்,
தரை முழுக்கச் சொட்டுகிறது.
கண்ட்ரோலும் டேபும் சேர்ந்தால் நானும் சுற்றுகிறேன்,
கடைசியைத் தாண்டினால் மறுபடி முதலாவது.
ஷிஃப்டையும் சேர்த்தால் எதிர்ச்சுற்று என்று சொன்னதும்
திருச்சுழிக்காரர் ஒருவர்
‘இடப்பக்கமாச் சுத்தக் கூடாதும்மா’ என்று
நிஜமாகவே பதறினார்.

எட்டு வரைக்கும் எண்ணுக்கு மரியாதை உண்டு.
ஒன்பதை அழுத்தினால் ஒன்பதாவது வராது,
கடைசி வரும்.
மூன்றே இருந்தால் மூன்றாவது, முப்பது இருந்தால் முப்பதாவது.
காலையில் கடை திறந்ததும்
என்னுடையதைத்தான் கடைசியாகத் திறந்து வைத்தேன்.
பெயர்: பசீரா. கல்வித் தகுதி. தட்டச்சு முதுநிலை.
விரும்பும் மாவட்டம் என்ற கட்டத்தில்
‘அக்கா, ஆதார்ல பேர் மாத்தணும்’ என்று ஒரு குரல்.
வருகிற ஒவ்வொருவருக்கும் கண்ட்ரோல் டி.
புதியது போய்க் கடைசியில்தான் உட்காரும்.
பதினொரு மணிக்கு என் ஒன்பது ஒரு பான் கார்டு,
பன்னிரண்டுக்கு யாருடைய கரண்ட் பில்லோ.
நான் நடுவில் எங்கோ, பெயரெல்லாம் நறுங்கி,
கடல் ஏறும்போது
உச்சி மட்டும் தெரிகிற கல்லாக.

இரண்டுக்குக் கீழேதான் டபிள்யூ இருக்கிறது.
பசி நேரம். விரல் சறுக்கியது.
சேதுமாணிக்கம் மூடிக்கொண்டார்.
‘போச்சா?’ என்றாள் பூமயில்.
கண்ட்ரோல் ஷிஃப்ட் டி.
போன இடத்துக்கே திரும்பி வந்தது,
எழுதின எதுவும் இல்லாமல்.
படகு எண்ணை அவள் மறுபடி சொன்னாள்,
தாளைப் பார்க்காமல், மூச்சு விடாமல்.
அடுத்த கட்டம்: படகு தற்போது உள்ள இடம்.
துறைமுகம், பழுதுபார்ப்பு, விற்கப்பட்டது.
மூன்றே மூன்று. போன ஐப்பசியில்
ஆளை அனுப்பிவிட்டுப் படகை வைத்துக்கொண்ட அந்தக் கரைக்கு
கட்டம் இல்லை.
மேல் அம்பு, கீழ் அம்பு, மேல் அம்பு.

‘துறைமுகம்னு போடு’ என்றாள்.
‘ஏதோ ஒரு துறைமுகத்துலதானே நிக்குது.’

என்டர்.

மூணரை பஸ் நாலேகாலுக்கு வந்தது.
மஃரிபுக்கு முதலாளி எழுந்து போனதும்
என்னுடையதைத் தேடிப் பிடித்தேன்.
கண்ட்ரோல், ஷிஃப்ட், பேஜ் டவுன்:
ஒரு தட்டுக்கு ஓர் இடம் வலப்பக்கம் நகரும்.
விசாவைத் தாண்டி, மார்க்கைத் தாண்டி,
கரண்ட் பில்லைத் தாண்டி, இனி இடமில்லை என்கிற வரைக்கும்.
பிறகு, தேவையே இல்லாமல், கண்ட்ரோல் ஒன்பது.

‘நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்.’
நுழைகிறேன்.
பெயர்: பசீரா.

புது மவுஸ் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது.
நாளைக்குப் பிரிக்கலாம்,
உப்புக்கு ஒரு நாளாவது மிச்சம்.