கட்டைவிரல் ஓட்டை

சின்ன ரம்பத்தால் இரண்டாய்ப் பிளந்து
குப்பைக்கூடையில் போடப் போனவரிடம்
“அதைக் கொடுங்க” என்றேன்.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
அப்படிக் கேட்ட முதல் ஆள் நானாம்.

ஆறு வாரம் மாதேஷின் கையாக இருந்த மாவுக்கட்டு.
மலைக்கோட்டைப் படியில் சறுக்கி வாங்கியது.
ஏழாம் வகுப்பு பி பிரிவு முழுக்க
அதில் கையெழுத்து.

மாங்கூழ் கம்பெனியிலிருந்து அவர் கொண்டுவந்த
சாக்குச் சணலால் இறுக்கிச் சேர்த்தேன்.
உள்ளே இருமல் மருந்து பாட்டில்,
பாதி தண்ணீர்,
எதிர்வீட்டு ஷாஹிதா ஒடித்துத் தந்த மணிபிளான்ட்.
வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது.
ஃப்ரிட்ஜ் மேல் நிற்க வைத்தேன்.

“நாறுதும்மா” என்றான்.
நாறத்தான் செய்தது, கொஞ்சம்.

பத்தாம் நாள்
கட்டைவிரல் இருந்த ஓட்டை வழியே
ஒரு இலை வெளியே வந்தது.
அந்தச் சந்தோஷத்தில் கை தவறி
தண்ணீர் வழிந்து
ஒரு பெயர் கரைந்தது.
ஊதாக் கறை.
யாருடையது என்று
எனக்கு நினைவில்லை.

காலையில் பார்த்தால்
கறைக்கு மேலேயே, அழுத்தி,
ரெஜினா.
இன்னும் சரியாக மடங்காத விரல்கள்,
‘ஜி’ மட்டும் சரிந்திருந்தது.

இப்போதெல்லாம்
ஸ்பூனால்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்.