நாற்பத்தோராம் உட்பிரிவு

கூரை பறந்த கருவூலத்தின் இரண்டாம் மாடியில்
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து
கடன் பத்திரத்தைப் பிரிக்கிறாள் வெர்னெட்டா குவாஷி.
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்கள்.
தண்ணீர் தெளித்து இட்லித் துணியை உரிக்கிற பொறுமை
வேண்டியிருக்கிறது.

உட்பிரிவு நாற்பத்தொன்று:
காற்று மணிக்கு நூற்றுப்பதினொரு மைலைத் தொட்டால்
நான்கு தவணைகள் தள்ளிப்போகும்.

இதை எழுதவைக்க லண்டனில்
மூன்று நாள் வாதாடியவள் இவள்.
'புயலுக்கு வட்டிக்கணக்கு தெரியுமா?'
எதிர்நாற்காலி பிரெய்த்வெயிட் சிரித்தார்.
'வட்டிக்குப் புயல் தெரியட்டுமே' என்றாள்.
அந்த ஒரு பத்திக்காக ஆறு வருடமாய்
கால் சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறது தீவு.

ஒன்பது நாள் முன்பு வந்தது காற்று.
ஜாதிக்காய் மரங்களை வேரோடு புரட்டியது.
மருத்துவமனைக் கூரையைத் தூக்கி
மீன் சந்தைமேல் போட்டது.
விமான நிலையத்துக் காற்றுமானி
காலை பத்து நாற்பதுக்கு நூற்றெட்டு என்றது.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கம்பமே போய்விட்டது.

லண்டனிலிருந்து மின்னஞ்சல்:
'ஆழ்ந்த அனுதாபங்கள்.
பதிவான உச்சம் நூற்றெட்டு.
மூன்று மைல் குறைகிறது.
தவணை வெள்ளிக்கிழமை.'

மூன்று மைல்.
அவள் வீட்டிலிருந்து கருவூலம் வரைக்கும் அவ்வளவுதான்.
வழியில் இன்னும் நிற்கிற சுவர்களைக்
காலையில் எண்ணிக்கொண்டே வந்தாள்.
பதினேழு.

கடலுக்கும் கடனுக்கும்
என் மொழியில் ஓரெழுத்துதான் வித்தியாசம்.
அவள் மொழியில் அந்த வசதி இல்லை.
ஜன்னல் இருந்த ஓட்டை வழியே பார்க்கிறாள்:
யாரிடமும் எதுவும் வாங்காததுபோல்
கிடக்கிறது நீர்.

மதியம் படகுத்துறையிலிருந்து ஒஸ்பெர்ட் வந்தான்.
அவனுடைய கவிழ்ந்த படகுக்கடியில் கிடந்ததாம்:
காற்றுமானியின் கிண்ணம் ஒன்று,
நசுங்கி, பாதித் தண்டோடு.
மேசைமேல் நிறுத்தி
ஊதிப் பார்த்தாள்.

செயற்கைக்கோள் கணக்கு கேட்டு
மூன்று கடிதம் போட்டாயிற்று.
வரலாம். வெள்ளிக்குப் பிறகும் வரலாம்.
அதுவரை சும்மா இருக்கக் கை வரவில்லை.
கிண்ணத்தைப் பழைய வரவுசெலவுத் தாளில் சுற்றி
அட்டைப்பெட்டியில் வைத்தாள்.
ஒரு சீட்டு:
'உங்கள் சாட்சி.
பேசும் நிலையில் இல்லை, மன்னிக்கவும்.'
மூடிமேல் பெரிய எழுத்தில்:
பத்திரம்.

கூரியர் பையன் எடை பார்த்தான்.
'கட்டணம் யார் கணக்கில், மேடம்?'

நாற்பத்தோராம் உட்பிரிவை
மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள்.
அதைப்பற்றி
ஒன்றும் எழுதியிருக்கவில்லை.