ஒரே பக்கத்தில்

ஜெராக்ஸ் ஒரு பக்கம் ஒன்றரை ரூபாய்.
முப்பத்தேழு பிள்ளைகள்.
எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில்
சொல்லி முடித்துவிட வேண்டும்.

‘பெற்றோர் கவனத்திற்கு’ என்று எழுதி
அடியில் ஒரு கோடு.
ஸ்கேல் அகப்படவில்லை,
வருகைப் பதிவேட்டை அணைத்து வைத்து இழுத்தேன்.

மெட்ரோவுக்குத் தோண்டியிருப்பதால்
முன்பக்க கேட் தீபாவளி வரை திறக்காது.
மாவு மில் சந்து வழியாக வரவும்.
சந்தில் படுத்திருக்கும் கறுப்பு நாய் கடிக்காது
என்பதைச் சுற்றறிக்கையில் எழுத முடியுமா?
எபனேசரின் அம்மாவிடம் நேரில் சொன்னேன்.
நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இருவரையும் நம்பவில்லை.

காலை உணவு எட்டு மணிக்கு.
எட்டேகாலுக்கு வந்தால் பொங்கல் இருக்கும்,
சாம்பார் இருக்காது.

இரண்டாம் வகுப்புக்குப் பென்சில் போதும்.
போன வியாழன் மோனிஷ்
நீல மையில் மீசை வரைந்துகொண்டு
பிரேயரில் முதல் வரிசையில் நின்றான்.
ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.
மீசை அப்படியேதான் இருந்தது.

அடுத்தது பேன்.
அந்தச் சொல்லை எழுதக் கால்மணி நேரம் ஆனது.
போன வருஷம் ‘தலைச் சுத்தம்’ என்று
நாகரிகமாக எழுதினேன்.
ஷாம்பு போட்டு அனுப்பினார்கள்,
பேனும் வாசனையாக வந்தது.
இந்த முறை பேன் என்றே எழுதினேன்.
யார் தலை என்று எழுதவில்லை.
இரண்டு நாளாக எனக்கும் அரிக்கிறது.

தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதவும்.
பத்தொன்பது பாட்டில் ஒரே பச்சை,
எல்லாம் ஓட்டேரியில் ஒரே கடையில் வாங்கியது.
மதியம் இரண்டு மணிக்கு வழக்கு,
நான் நீதிபதி,
சாட்சிகள் அத்தனை பேரும் பொய்.

மாலை நாலு பத்துக்குப் பெற்றோர் மட்டுமே வரவும்.
வேறு யாருடனும் பிள்ளையை அனுப்ப மாட்டோம்.

அப்புறம் புள்ளிக்கோடு.
வெட்டி, கையெழுத்திட்டு, நாளையே அனுப்பவும்.

முப்பத்தொன்று வந்தது.
ஒன்றில் ரசம்.
ஒன்றில் தருணேஷ் தானே கையெழுத்துப் போட்டிருந்தான்:
‘அமமா’.
சிவப்பு மையில் புள்ளி மட்டும் வைத்தேன்.
ஒன்று வெட்டப்படாமல் முழுசாக வந்தது,
ஓரத்தில் கரி படிந்த கட்டைவிரல்.
பின்பக்கத்தில்:

“டீச்சருக்கு வணக்கம்.
பிரிசில்லா அம்மா குவைத்துல வேலை.
அப்பா விஷயம் எனக்குத் தெரியாது.
நான் எதிர் வூடு, இஸ்திரி வண்டி.
நாலு மணிக்கு வண்டிய அப்படியே வுட்டுட்டு
நான்தான் வருவேன்.
பெற்றோர்னு போட்டிருக்கீங்க.
நான் அது இல்ல.
எங்க கையெழுத்து போடறது?
இப்படிக்கு ஏகாம்பரம்.”

ஜூன் முதல் நாளிலிருந்து
அந்தப் பெண்ணின் பாவாடை மடிப்பு
பேப்பர் வெட்டுகிற மாதிரி நிற்பதைப்
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விதி விதிதான்.
அம்மாவிடமிருந்து கடிதம் வேண்டும் என்றேன்.
இடைவேளையில் குவைத்திலிருந்து போன்.
“அவரா? அவர்ட்டயே அனுப்புங்க டீச்சர்” என்றாள்.
பின்னால் யாரோ அவளை அரபியில் கூப்பிட
வைத்துவிட்டாள்.
கடிதம் பிறகு வரும்.

நாலு பத்து.
மாவு மில் சந்து முனை.
தன் சட்டையைத் தேய்க்காமல் போட்டுக்கொண்டு
நின்றிருந்தார்.
காலடியில் அந்தக் கறுப்பு நாய்.
நாலடி தள்ளி, குடையைக் குறுக்கே பிடித்தபடி
எபனேசரின் அம்மா.

பதிவேட்டைத் திறந்து “பேர்?” என்றேன்.
“எம்பேரா, இது பேரா?” என்றார்.

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.
இன்னும் ஆறு சீட்டு வரவேண்டியிருக்கிறது.